கீபாஸ்எக்ஸ் 0.4.3 விண்டோஸ் 11லயும் ஓடுது, அப்புறம் ஏன் மாத்தணும்?

கேள்வி இதுதான்: 2011லேர்ந்து உபுண்டு லினக்ஸ்ல கீபாஸ்எக்ஸ் 0.4.3ங்கற பாஸ்வேர்டு மேனேஜரை யூஸ் பண்ணிட்டு இருந்தவர், இப்ப புது விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கி அதுல இதோட விண்டோஸ் பதிப்பைப் போட்டிருக்கார், பாஸ்வேர்டெல்லாம் பூட்டி வெச்சிருக்கற பழைய கேடிபி ஃபைல் ஒரு சிக்கலும் இல்லாம திறக்குது. ஃபைல் ரொம்ப வருஷமா ட்ராப்பாக்ஸ்ல கிடக்கு, மாஸ்டர் பாஸ்வேர்டு ஆரம்பத்துலேர்ந்து அதே 9 எழுத்து. ஃப்ரெண்டு உடனே மாத்துங்கறார். "ஏஇஎஸ்ஸை இன்னைக்கு வரைக்கும் யாரும் உடைக்கலையே, ஓடுறதை எதுக்கு மாத்தணும்?"

ஏஇஎஸ்ங்கற அந்த என்க்ரிப்ஷன் முறை பத்தி நீங்க சொல்றது சரி. பழசுன்னாலே ஓட்டைன்னு அடிச்சு விடறவங்க பேச்சை நானும் நம்ப மாட்டேன். ஐரோப்பிய யூனியன் ஒரு பாதுகாப்பு ஆடிட் பண்ணுச்சு, இஎஃப்யூ-ஃபோசான்னு பேரு, 2016ல, அதுல அவங்க எடுத்துக்கிட்டது கீபாஸோட (உங்க கேடிபி ஃபைல் ஃபார்மேட்டுக்கு மூலமான ப்ரோகிராம்) பழைய 1.x வரிசைதான், 1.31. பெரிய ஓட்டை எதுவும் சிக்கலை. அப்புறம் 2023ல கீபாஸ் 2.x வரிசைல ஒண்ணு வெளிய வந்துச்சு, சிவிஇ-2023-32784, நீங்க டைப் பண்ண மாஸ்டர் பாஸ்வேர்டை மெமரி டம்ப்லேர்ந்து (கம்ப்யூட்டர் மெமரியோட நகல்) முதல் எழுத்தைத் தவிர மீதி கிட்டத்தட்ட முழுசா எடுத்துடலாம்ங்கற பிரச்னை. அது பழைய 1.x வரிசைய தொடவே இல்ல, புதுசுலதான் இருந்துச்சு. ஆனா கவனிங்க, அது மே மாசம் வெளிய வந்துச்சு, ஜூன்ல 2.54 வந்து சரி பண்ணிட்டாங்க. சரி பண்ண ஆள் இருந்தாங்க. உங்க 0.4.3 வந்தது 2010 மார்ச். கீபாஸ்எக்ஸ் ப்ராஜெக்டோட கடைசி ரிலீஸ் 2.0.3, 2016 அக்டோபர். 2021 டிசம்பர்ல அவங்களே இனிமே இதைத் தொடர மாட்டோம், கீபாஸ்எக்ஸ்சிக்கு (கீபாஸ்எக்ஸ்லேர்ந்து பிரிஞ்சு வந்த ப்ரோகிராம்) போங்கன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க. டொமினிக் ரைக்ல்ங்கறவர் 2003ல ஆரம்பிச்ச கீபாஸ் 1.x அதைவிடப் பழசு, ஆனா அவர் இன்னும் அதுக்கு சின்னச் சின்ன அப்டேட் விட்டுக்கிட்டு இருக்கார். அதனால வயசைப் பாத்து பயப்பட வேண்டாம், நாளைக்கு ஒரு ஓட்டை தெரிஞ்சா அடைக்க யாராவது இருக்காங்களாங்கறதைப் பாருங்க. உங்க ப்ரோகிராமுக்கு யாரும் இல்ல.

இது மட்டும்தான்னா நான் கூட "மெதுவா மாத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். விஷயம் என்னன்னா, பாஸ்வேர்டு மேனேஜர்ல மூணு சமாச்சாரம் தனித்தனியா பழசாகுது: ப்ரோகிராம் ஒண்ணு, ஃபைல் ஒண்ணு, உள்ள இருக்கற பாஸ்வேர்டுங்க ஒண்ணு. ஒண்ணைப் புதுசாக்கினா மத்தது தானா புதுசாகாது. நிறைய பேர் ப்ரோகிராமை மட்டும் மாத்திட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறாங்க.

முதல்ல ஃபைல், அதுதான் உங்க கேஸ்ல பெரிய தலைவலி.

உங்க மாஸ்டர் பாஸ்வேர்டை அப்படியே சாவியா யூஸ் பண்ண மாட்டாங்க, அதைத் திரும்பத் திரும்ப ஏஇஎஸ்ல போட்டுச் சுத்தி அதுலேர்ந்து சாவி செய்வாங்க. எதுக்குன்னா, திருடினவன் ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாக்கும்போது ஒவ்வொரு முயற்சிக்கும் அவனுக்கு நேரம் ஆகணும். கீபாஸ்ல ரொம்ப காலம் டிஃபால்ட் 6000 சுத்து. அன்னைக்கு கம்ப்யூட்டருக்கு அது ஓகே. 2010 வாக்குல இன்டெல் ப்ராசஸர்கள்ல ஏஇஎஸ்ஸுக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்துச்சு, அதுக்கப்புறம் இந்த 6000 சுத்துங்கறது ஒரு சாதாரண லேப்டாப்புல ஒரு மில்லிசெகண்டு கூட ஆகாது. உங்க ஃபைல்ல எவ்ளோ சுத்துன்னு டேட்டாபேஸ் செட்டிங்ஸ்ல பாருங்க, 50,000ன்னு இருந்தாலும் ஒரு மில்லிசெகண்டு கிட்டதான் வரும். இதை கிராபிக்ஸ் கார்டுல ஆயிரக்கணக்கா ஒரே நேரத்துல ஓட்டலாம்ங்கறதுதான் கொடுமை, ஏன்னா இந்தப் பழைய முறைக்கு மெமரியே தேவையில்ல.

புது கேடிபிஎக்ஸ் 4 ஃபார்மேட், 2017 ஜனவரில கீபாஸ் 2.35ஓட வந்தது, அதுல ஆர்கான்2 போட்டிருக்காங்க. 2015ல பாஸ்வேர்டு ஹேஷிங் போட்டில ஜெயிச்ச அல்காரிதம் அது. ஒவ்வொரு முயற்சிக்கும் இவ்ளோ மெமரி வேணும்னு கேக்கும். 64 எம்பின்னு வெச்சா, ஆயிரம் பாஸ்வேர்டை ஒரே நேரத்துல ட்ரை பண்ண 64 ஜிபி மெமரி வேணும். அங்கதான் கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பழைய கேடிபி ஃபைலோட ஹெடருக்கு (செட்டிங்ஸ் இருக்கற தலைப்பகுதி) ஒழுங்கான காவல் கிடையாது, 2012ல காஸ்தி, ராஸ்முசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பாஸ்வேர்டு மேனேஜர் ஃபைல் ஃபார்மேட்டுகளை வரிசையா எடுத்து ஆராய்ஞ்சதுல இதுவும் மாட்டுச்சு, யாராவது ஃபைல்ல கை வெச்சா ப்ரோகிராமுக்குத் தெரியாம போக வாய்ப்பு உண்டுன்னு காட்டினாங்க. கேடிபிஎக்ஸ் 4ல அதுக்கு தனியா முத்திரை சரிபார்ப்பு இருக்கு. ட்ராப்பாக்ஸ் மாதிரி ஊர் சுத்தற ஃபைலுக்கு இது முக்கியம், பீரோக்குள்ள பென் ட்ரைவ்ல இருக்கற ஃபைலுக்கு அவ்வளவா இல்ல.

இப்ப உங்க 9 எழுத்து. உண்மையிலேயே கண்ணை மூடிக்கிட்டு தட்டின 9 எழுத்துன்னா கொஞ்சம் தாங்கும். ஆனா 2011ல யாரு அப்படி வெச்சாங்க, பேரும் வருஷமும்தான, இல்ல பேருக்கு நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. அந்த மாதிரி பேட்டர்ன் எல்லாம் உடைக்கற டூல்ல முதல் பக்கத்துலயே இருக்கு.

இது வெறும் தியரி இல்லைங்கறதுக்கு லாஸ்ட்பாஸ்ங்கற ஆன்லைன் பாஸ்வேர்டு மேனேஜரோட கதை போதும். 2022ல அவங்ககிட்ட புகுந்தவங்க வாடிக்கையாளர்களோட வால்ட் (பாஸ்வேர்டு பெட்டி) பேக்கப்பையே தூக்கிட்டுப் போயிட்டாங்க, டிசம்பர்ல கம்பெனியே ஒத்துக்கிச்சு. எல்லாம் என்க்ரிப்ட் ஆனதுதான் (வெப்சைட் முகவரிகள் மட்டும் அப்படியே திறந்து கிடந்துச்சு, அது தனி வயித்தெரிச்சல்). அப்ப வெளிய வந்த இன்னொரு விஷயம், 2018லேர்ந்து புது அக்கவுண்டுக்கு 1,00,100 சுத்துன்னு டிஃபால்ட் வெச்சிருந்தாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே சேந்த நிறைய பேருக்கு அது மாறவே இல்ல, 5000ல இருந்தவங்க 5000லயே, சிலருக்கு அதைவிடக் கேவலமா. ஆப் என்னமோ தினமும் அப்டேட் ஆகிட்டுதான் இருந்துச்சு. விசுவாசமா ரொம்ப வருஷம் இருந்தவனுக்குதான் மோசமான பூட்டு. உங்க கேடிபி ஃபைலும் அதே மாதிரிதான், 2011ல என்ன செட்டிங்கோ அதே செட்டிங் இன்னைக்கும்.

ப்ரோகிராம் பக்கம் வருவோம். விண்டோஸ் 32 பிட் சாஃப்ட்வேரை இன்னும் ஓட விடுது, அதனாலதான் உங்களுக்கு ஓடுது. மேக்குல 2019ல கேட்டலினா வந்தப்பவே 32 பிட் ஆப் எல்லாம் ஒரேயடியா நின்னு போச்சு. உபுண்டுல 20.04லயே க்யூடி 4 லைப்ரரியை எடுத்துட்டாங்க, உங்க 0.4.3 அதை நம்பித்தான் இருக்கு, அதனால நீங்க உபுண்டுல புது பதிப்புக்குப் போயிருந்தா இந்தக் கேள்வியையே எப்பவோ கேட்டிருப்பீங்க. இந்த மாதிரி நின்னு போறது கூட நல்லதுன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா நின்னு போனா நமக்குத் தெரியும். ஓடிக்கிட்டே இருந்து அமைதியா கோட்டை விடறது பாருங்க, அதுதான் மோசம்.

க்ளிப்போர்டை எடுத்துக்கோங்க. 0.4.3 பாஸ்வேர்டைக் காப்பி பண்ணும், கொஞ்ச நேரத்துல க்ளிப்போர்டைத் துடைச்சிடும். 2010ல க்ளிப்போர்டுன்னா ஒரே ஒரு இடம், துடைச்சா போச்சு. 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10ல க்ளிப்போர்டு ஹிஸ்டரி வந்துச்சு, விண்டோஸ் கீயும் வி-யும் அமுக்கினா காப்பி பண்ணதெல்லாம் வரிசையா நிக்கும், வேணும்னா உங்க மத்த கம்ப்யூட்டருக்கும் சிங்க் ஆகும். டிஃபால்ட்டா ஆஃப்தான், ஆனா ஒரு தடவை ருசி கண்டவன் யாரும் ஆஃப் பண்றதில்ல, நானும்தான். பழைய ப்ரோகிராம் க்ளிப்போர்டைத் துடைச்சாலும் ஹிஸ்டரில போனது போனதுதான், அது பாட்டுக்கு அங்க உக்காந்திருக்கும். புது ப்ரோகிராம்கள் காப்பி பண்ணும்போதே "இது ரகசியம், சேர்த்து வைக்காதே"ன்னு விண்டோஸுக்கு ஒரு குறிப்பு சேத்து அனுப்பும். லினக்ஸ்ல கேடிஈ டெஸ்க்டாப்போட க்ளிப்பருக்கும் இதே மாதிரி ஒரு குறிப்பு உண்டு. 0.4.3 எழுதினப்ப விண்டோஸ்ல இப்படி ஒரு வசதியே இல்ல, அதுக்கு எப்படித் தெரியும்? ஆப்பிள்ல இன்னும் வேடிக்கை, 2016லேர்ந்து மேக்குல காப்பி பண்ணது பக்கத்துல இருக்கற உங்க ஐஃபோன்லயும் பேஸ்ட் ஆகும்.

உங்களுக்கு சந்தேகம் இருந்தா இப்பவே சோதிச்சுப் பாருங்க. ஹிஸ்டரியை ஆன் பண்ணிட்டு 0.4.3லேர்ந்து ஒண்ணுக்கும் உதவாத ஒரு பாஸ்வேர்டைக் காப்பி பண்ணுங்க, அது துடைக்கற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் விண்டோஸ் கீ, வி.

ஸ்கிரீனும் இதே கதைதான். கீபாஸ்எக்ஸ்சி 2022ல வந்த 2.7லேர்ந்து விண்டோஸ்லயும் மேக்குலயும் தன்னோட விண்டோவை ஸ்கிரீன்ஷாட்ல, ஸ்கிரீன் ஷேர்ல தெரியாம மறைச்சுக்கும். ஆபீஸ் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணிக்கிட்டே பாஸ்வேர்டு லிஸ்டைத் திறந்தவங்களுக்கு இதோட அருமை புரியும். மைக்ரோசாஃப்ட் 2024ல அறிவிச்ச ரீகால், கோபைலட் ப்ளஸ் பிசில ஆன் பண்ணா ஸ்கிரீனை அப்பப்ப படம் பிடிச்சு வெச்சுக்கற வசதி, அதுல பாஸ்வேர்டு மாதிரி தெரியறதை விட்டுடற மாதிரி ஃபில்டர் வெச்சிருக்காங்கதான், ஆனா நான் அந்த ஃபில்டரை நம்பி உக்கார மாட்டேன். 0.4.3க்கு தன் விண்டோவை மறைக்கத் தெரியாது.

ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன், பாஸ்கீ (பாஸ்வேர்டே இல்லாம லாகின் பண்ற முறை) பத்தி எல்லாம் நீளமா பேச வேண்டியதில்ல, 0.4.3ல அது எதுவும் இல்ல, அவ்ளோதான். கீபாஸ்எக்ஸ்சில எக்ஸ்டென்ஷன் இருக்கு, 2024 மார்ச்ல 2.7.7லேர்ந்து பாஸ்கீயும் இருக்கு. எக்ஸ்டென்ஷனால எனக்குப் பிடிச்ச ஒரே லாபம், வெப்சைட் முகவரி பொருந்தலைன்னா அது பாஸ்வேர்டைக் கொடுக்காது. பேங்க் மாதிரியே இருக்கற போலி பக்கத்துல நம்ம கண்ணு ஏமாறும், அது ஏமாறாது. காப்பி பேஸ்ட் பண்றவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மூணாவது, உள்ள இருக்கற பாஸ்வேர்டுகள். இதைப் பத்தி யாருமே யோசிக்கறதில்ல.

ஜோ கிராண்டுன்னு ஒரு அமெரிக்க ஹார்டுவேர் ஹேக்கர், அவர்கிட்ட ஐரோப்பாலேர்ந்து ஒருத்தர் வந்தார். 2013ல 43.6 பிட்காயினை ஒரு வாலட்ல போட்டு, ரோபோஃபார்ம்ங்கற பாஸ்வேர்டு மேனேஜர்ல 20 எழுத்து பாஸ்வேர்டு ஜெனரேட் பண்ணி, அதை ஒரு என்க்ரிப்டட் ஃபைல்ல வெச்சார், அந்த ஃபைல் கெட்டுப் போச்சு. 20 எழுத்தைக் குருட்டுத்தனமா தேடினா உலகம் அழியற வரைக்கும் தேடலாம். கிராண்டும் ஜெர்மனில இருக்கற அவர் நண்பர் புரூனோவும் 2013 கால ரோபோஃபார்மைப் பிரிச்சுப் பாத்தா, அது ரேண்டம்னு கொடுத்ததெல்லாம் கம்ப்யூட்டரோட தேதி, நேரத்தை வெச்சுக் கணக்குப் போட்டது. அந்த நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வெச்சா அதே பாஸ்வேர்டு வந்து நிக்குது. கடைசில அந்த பாஸ்வேர்டு 2013 மே 15ல ஜெனரேட் ஆனதுன்னு கண்டுபிடிச்சாங்க, வாலட் திறந்துச்சு. கம்பெனி 2015 ஜூன்ல வந்த 7.9.14ல இதைச் சரி பண்ணிட்டதா சொல்லுது. நல்லது, ஆனா அதுக்கு முன்னாடி ஜெனரேட் பண்ணி ஊர்ல எத்தனையோ அக்கவுண்ட்ல போட்டு வெச்சது? அது அப்படியேதான் இருக்கும். நீங்க மேனேஜரை அப்டேட் பண்ணாலும் சரி, வேற கம்பெனிக்கு மாறினாலும் சரி, அந்தப் பலவீனமான பாஸ்வேர்டை பத்திரமா கூடவே தூக்கிட்டுப் போறீங்க.

காஸ்பர்ஸ்கியோட பாஸ்வேர்டு மேனேஜர்லயும் இதே மாதிரி ஒண்ணு, நேரத்தை செகண்டு கணக்குல விதையா வெச்சு ஜெனரேட் பண்ணுச்சு, கிரிப்டோ வாலட் செய்யற லெட்ஜர் கம்பெனியோட டோன்ஜான் குழு கண்டுபிடிச்சு 2021ல எழுதினாங்க. பத்து வருஷத்துல மொத்தமே முப்பத்தொண்ணு கோடி சொச்சம் செகண்டுதான், அதாவது ஒரே செட்டிங்ல அந்த மேனேஜர் கொடுத்திருக்கக்கூடிய பாஸ்வேர்டும் அவ்ளோதான். ஒரு கம்ப்யூட்டருக்கு அது டீ குடிக்கற நேரம்.

கீபாஸ்எக்ஸ்ல இந்த மாதிரி ஓட்டை இருக்குன்னு நான் சொல்லலை. ஆனா உங்க லிஸ்ட்ல 2011, 2012ல கையால யோசிச்சு வெச்ச 8 எழுத்து பாஸ்வேர்டுகள் இருக்கும், அந்த சைட்டுகள்ல சிலது இடைல லீக் ஆகியிருக்கும். கீபாஸ்எக்ஸ்சில டேட்டாபேஸ் ரிப்போர்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, எது பலவீனம், எது திரும்பத் திரும்ப வருதுன்னு காட்டும். முதல் தடவை பாக்கும்போது கொஞ்சம் அவமானமா இருக்கும், பரவாயில்ல.

"என் பழைய லேப்டாப் நெட்ல இல்லவே இல்ல, அதுல மட்டும் வெச்சுக்கறேன்"னு சிலர் வாதம் பண்ணுவாங்க. நியாயமான வாதம்தான். நெட்டைத் தொடாத மெஷின், வெளிய போகாத ஃபைல்னா மேல சொன்ன பாதி விஷயம் பொருந்தாது, அங்க ஹார்டு டிஸ்க் சாகறதுதான் ஆபத்து. ஒன்பாஸ்வேர்டுங்கற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரோட 7ஆவது பதிப்புல நின்னுட்டவங்களும் உண்டு, 8ல தனியா லோக்கல் வால்ட் வெச்சுக்கறதை எடுத்துட்டு சந்தாவுக்குக் கொண்டு போனதால. அவங்க கோவம் எனக்குப் புரியுது, ஆனா அவங்க ஃபைலும் நெட்ல இருக்கற மெஷின்லதான் இருக்கு. உங்க கேஸ் ட்ராப்பாக்ஸ், அதனால இந்த வாதம் உங்களுக்கு உதவாது.

சரி, மாத்தறது எப்படி. முதல்ல கேடிபி ஃபைலையும், கீ ஃபைல் வெச்சிருந்தீங்கன்னா அதையும் ஒரு பென் ட்ரைவ்ல காப்பி எடுத்துடுங்க, எது சொதப்பினாலும் திரும்பி வர இடம் வேணும். அப்புறம் கீபாஸ்எக்ஸ்சியை இறக்குங்க, தயவுசெஞ்சு கூகுள்ல தேடி முதல்ல வர்ற விளம்பரத்தைத் தட்டாதீங்க. 2023ல கீபாஸ் முகவரில முதல் எழுத்துக்குக் கீழ ஒரு குட்டி வால் மட்டும் வெச்ச போலி சைட்டை கூகுள் விளம்பரத்துலயே விட்டாங்க, பாத்தா ஸ்கிரீன்ல விழுந்த தூசின்னுதான் நினைப்பீங்க. 2025லயும் கீபாஸுக்குள்ள வைரஸைச் சேத்து ஒரு கும்பல் பரப்பிச்சு, அது பாஸ்வேர்டு லிஸ்டையே சத்தமில்லாம எழுதி வெச்சுக்கும். முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க, கீபாஸ்எக்ஸ்சி டாட் ஆர்க். இதே காரணத்துக்காகத்தான் பழைய 0.4.3 இன்ஸ்டாலரைக் கண்ட டவுன்லோட் சைட்லேர்ந்து எடுக்கறதும் எனக்குப் பிடிக்கலை, நீங்க எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?

உள்ள இம்போர்ட்ல கீபாஸ் 1 டேட்டாபேஸ்னு இருக்கும், நேரா கேடிபி ஃபைலைக் காட்டுங்க. நடுவுல சிஎஸ்வி எக்ஸ்போர்ட் பண்ணாதீங்க. சிஎஸ்வின்னா எல்லா பாஸ்வேர்டும் வெறும் எழுத்தா டிஸ்க்ல விழும், எஸ்எஸ்டில டெலீட் பண்ணது நிஜமாவே போச்சான்னு உறுதியா சொல்ல முடியாது, அதுக்குள்ள ட்ராப்பாக்ஸ் வேற அதை மேல ஏத்திடும். இம்போர்ட் முடிஞ்சதும் என்ட்ரி எண்ணிக்கையை ஒப்பிடுங்க, நோட்ஸ், அட்டாச்மென்ட் ரெண்டையும் அங்கங்க திறந்து பாருங்க. சேவ் பண்ணும்போது கேடிபிஎக்ஸ் 4, ஆர்கான்2, திறக்கற நேரம் ஒரு செகண்டுன்னு வெச்சா போதும். இதை உங்க பழைய கீபாஸ்எக்ஸ் திறக்காது, 2.0.3 கூட திறக்காது, ஒரு வழிப்பாதைதான். ஃபோன்லயும் யூஸ் பண்றதா இருந்தா ஆர்கான்2 மெமரியை ரொம்ப ஏத்தாதீங்க, ஃபோன் திணறும்.

மாஸ்டர் பாஸ்வேர்டை அப்பவே புதுசா வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஆறேழு வார்த்தை, தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாலும் நல்லதுதான், ஆனா பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம். வார்த்தைகளை நீங்களே யோசிக்காம பகடை போட்டு எடுத்தா இன்னும் நல்லது. பேப்பர்ல எழுதி வீட்டு டாக்குமெண்டுகளோட வெச்சுக்கலாம், திருடன் ஆன்லைன்ல இருக்கான், பீரோல இல்ல.

இவ்ளோ பண்ணாலும் பழைய கேடிபி ஃபைலோட நகல்கள் ட்ராப்பாக்ஸ்ல பழைய வெர்ஷனா, எப்பவோ உங்களுக்கே அனுப்பிக்கிட்ட மெயில் அட்டாச்மென்டா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு மூலைலன்னு கிடக்கும். தேடி அழிங்க. ஆனா ஏற்கனவே ஒருத்தன் கைல ஒரு நகல் போயிருந்தா, அவனுக்கு உங்க புது மாஸ்டர் பாஸ்வேர்டு ஒரு பொருட்டே இல்ல, அவன் உடைக்கறது பழைய 9 எழுத்தைத்தான். அதனால உள்ள இருக்கறதையும் மாத்தணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல உக்காந்து மாத்த வேண்டாம், முதல்ல மெயில், ஏன்னா மத்த எல்லாத்தோட ரீசெட் லிங்க்கும் அங்கதான் வரும், அடுத்து பேங்க், ட்ராப்பாக்ஸ், ஃபோன் அக்கவுண்ட். மத்ததெல்லாம் அடுத்த தடவை அந்த சைட்ல லாகின் பண்ணும்போது பாத்துக்கலாம்.

இம்போர்ட்ல "பாஸ்வேர்டு தப்பு"ன்னு வந்தா பதறாதீங்க. முதல்ல கீ ஃபைல் ஒண்ணு வெச்சிருந்தீங்களான்னு யோசிங்க, 2011ல ஆர்வக் கோளாறுல வெச்சிட்டு மறந்திருப்பீங்க. அடுத்து, மாஸ்டர் பாஸ்வேர்டுல பவுண்டு குறி, தமிழ் எழுத்து மாதிரி ஏதாவது இருந்தா, அன்னைக்கு ப்ரோகிராம் அதை எந்த என்கோடிங்ல எடுத்துக்கிச்சுங்கறதுல சிக்கல் வரலாம். அப்படின்னா 0.4.3லயே திறந்து மாஸ்டர் பாஸ்வேர்டை வெறும் இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்தி சேவ் பண்ணிட்டு, அந்த ஃபைலை மறுபடி இம்போர்ட் பண்ணிப் பாருங்க.